ஒரு கோப்பு, பல கைகள்: விரிதாளில் பூட்டும் கூட்டுத் திருத்தமும்

காகிதப் பேரேட்டைக் கொண்டு வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு பாதுகாப்பு இயல்பாகவே அமைந்திருக்கின்றது. பேரேடு ஒன்றுதான், அது ஒரு சமயத்தில் ஒருவர் மேசையின்மீதுதான் இருக்க இயலும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் எழுத விரும்பினால், அவர் காத்திருக்க வேண்டும். அல்லது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பேரேடு யாரிடம் உள்ளது என்பதை அறியத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை, கண்ணே போதும்.

அதே பேரேடு கணிப்பொறியில் விரிதாளாக மாறியவுடன் இப்பாதுகாப்பு மறைந்துவிடுகின்றது. ஒரே கோப்பை இரண்டு மேசைகளில், இரண்டு ஊர்களில், ஒரே நேரத்தில் திறந்துவைக்க முடிகின்றது. ஒருவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படுவதில்லை. இதனால் விளையக்கூடிய தீங்கு யாது, அதனைத் தடுக்க மென்பொருள் வல்லுநர்கள் கண்ட வழிகள் யாவை, அவற்றைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சிக்கல் தோன்றிய வரலாறு

சிறு கணிப்பொறிகளுக்கென அமைந்த முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க், 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இரு அமெரிக்கர்கள் அதனை ஆப்பிள் 2 என்னும் கணிப்பொறிக்காக அமைத்தனர். அக்காலத்தில் கணிப்பொறி ஒன்று, அதன்முன் அமர்பவர் ஒருவர், தகட்டில் உள்ள கோப்பும் அவருடையதே. ஆகவே யார் முதலில் எழுதுவது என்னும் கேள்விக்கே இடமிருக்கவில்லை.

1980களில் அலுவலகக் கணிப்பொறிகள் கம்பியால் இணைக்கப்பட்டுப் பொதுச் சேமிப்பிடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. அப்பொழுதுதான் இக்கேள்வி எழுந்தது. 1984இல் வெளியான எம்.எஸ்.-டாஸ் 3.0 என்னும் இயக்க மென்பொருளிலேயே, கோப்பைப் பகிர்வதற்கும் பூட்டுவதற்கும் உரிய ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பெருங் கணிப்பொறிகளை ஆய்ந்தவர்கள் இதற்கு முன்னரே இதுபற்றிச் சிந்தித்திருந்தனர். ஒரு பொருளை ஒரு சமயத்தில் ஒரு செயல்முறை மட்டுமே கையாளுமாறு செய்வது எப்படி என்பதற்கு நெதர்லாந்து நாட்டு அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1965ஆம் ஆண்டில் விடை ஒன்றை வெளியிட்டார். இன்றைய பூட்டுமுறைகள் பலவற்றுக்கும் அடிப்படை அத்தகைய ஆய்வுகளே.

ஓசையின்றி நிகழும் இழப்பு

தீங்கு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வட்டார அலுவலகம் ஒன்றில், பள்ளிகளின் மதிய உணவுக்குரிய அரிசி இருப்பைக் காட்டும் விரிதாள் ஒன்று உள்ளது என்று கொள்வோம். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது விதி. 80 குழந்தைகள் உண்ணும் பள்ளிக்கு நாளொன்றுக்கு 8 கிலோ வேண்டும். அப்பள்ளியின் பழைய இருப்பு 96 கிலோ என்று விரிதாளில் உள்ளது. அது 12 நாட்களுக்குப் போதுமானது. ஆனால் அந்நாட்கள் கழிந்துவருகின்றன. தற்போதைய இருப்பு 8 கிலோ மட்டுமே என்று தலைமையாசிரியர் தெரிவித்திருக்கிறார்.

காலை 10 மணிக்கு இரண்டு எழுத்தர்கள், எப்பூட்டும் இல்லாத நிலையில், அதே கோப்பைத் தத்தம் கணிப்பொறியில் திறக்கின்றனர். முதலாமவர் இப்பள்ளி உள்ளிட்ட 12 பள்ளிகளின் புதிய இருப்பைப் பதிவு செய்து, 10.40க்குச் சேமிக்கின்றார். இரண்டாமவர் வேறு 9 பள்ளிகளின் விவரத்தைப் பதிவு செய்து, 10.55க்குச் சேமிக்கின்றார். இப்பொழுது கோப்பில் உள்ளவை எவை? இரண்டாமவர் எழுதிய 9 மட்டுமே. முதலாமவர் எழுதிய 12 விவரங்களும் அழிந்து, 96 கிலோ என்னும் பழைய எண் மீண்டும் அவ்விடத்தில் நிற்கின்றது.

இதன் காரணம் எளியது. விரிதாளைத் திறக்கும்போது, மென்பொருள் அக்கோப்பின் நகல் ஒன்றைத் தன் நினைவகத்தில் எடுத்துக்கொள்கின்றது. நாம் செய்யும் மாற்றங்கள் யாவும் அந்நகலில்தான் நிகழ்கின்றன. சேமிக்கும்போது, மாறிய கட்டங்கள் மட்டுமல்லாமல், நகல் முழுவதுமே பழைய கோப்பின் இடத்தில் வைக்கப்படுகின்றது. இரண்டாமவருடைய நகல் 10 மணிக்கு எடுக்கப்பட்டது, முதலாமவர் 10.40க்குச் செய்த மாற்றம் அதில் இருக்க வழியில்லை.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. தலைமையாசிரியர் சரியான எண்ணைத் தந்தார். முதல் எழுத்தர் அதைச் சரியாகப் பதிந்தார். இரண்டாம் எழுத்தரும் தம் வேலையைப் பிழையின்றிச் செய்தார். மூவர் மீதும் குற்றமில்லை. திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றவுமில்லை. எனினும் மறுநாள் அட்டவணையைப் பார்க்கும் அதிகாரி, அப்பள்ளிக்கு அரிசி இப்போது தேவையில்லை என்றே முடிவு செய்வார். அதற்கடுத்த நாள் அடுப்பு மூட்டப்படும்போதுதான் பிழை வெளிப்படும். இதனைக் கணிப்பொறி அறிவியலார் ‘இழந்த திருத்தம்’ என்பர். கோப்பு முழுவதும் கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும். இவ்விழப்போ முழுமையாகத் தோன்றும் அட்டவணைக்குள்ளே மறைந்து கிடக்கும். ஆதலின் இது மிகவும் கொடியது.

இரயில் பாதையில் கண்ட தீர்வு

இதனையொத்த சிக்கல் ஒன்றை இரயில்வே பொறியாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டனர். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் புகுந்துவிடக் கூடாது. 1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் அவ்வாறு இரண்டு வண்டிகள் மோதின. அதன்பின் எட்வர்டு டையர் என்பவர், மின்விசையால் இயங்கும் வில்லை முறையை அமைத்து, 1878இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டின் ஒற்றைப் பாதைகளில் நீண்ட காலமாக வழங்கிவந்த நீல் டோக்கன் உருண்டைக் கருவியும் இதே தத்துவத்தைத் தழுவியதே.

அடுத்தடுத்த இரு நிலையங்களில் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து ஓர் உருண்டையை மட்டுமே ஒரு சமயத்தில் வெளியே எடுக்க முடியும். வளையத்தில் கோத்த பையில் அவ்வுருண்டையைப் பெற்றுக்கொண்ட ஓட்டுநரே அப்பாதைப் பகுதியில் வண்டியைச் செலுத்தலாம். அது மறுமுனைக் கருவியில் திரும்ப வைக்கப்படும்வரை, இரு நிலையங்களில் எதிலிருந்தும் வேறோர் உருண்டை வெளிவராது.

கோப்புப் பூட்டு என்பதும் இத்தகைய டோக்கனே. யாரிடம் அது உள்ளதோ, அவர் மட்டுமே எழுதலாம். ஏனையோர் படிக்கலாம், ஆனால் எழுதக் காத்திருக்க வேண்டும்.

பூட்டு வேலை செய்யும் விதம்

பொதுச் சேமிப்பிடத்தில் உள்ள கோப்பு ஒன்றை எக்ஸெல் மென்பொருளால் ஒருவர் திறக்கும்போது இரு செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது, பிறர் இக்கோப்பில் எழுத இயலாதவாறு இயக்க மென்பொருளிடம் தடை கோரப்படுகின்றது. இதுவே உண்மையான பூட்டு. இரண்டாவது, அதே கோப்புறையில், அலைக்குறியும் டாலர் குறியும் முன்னே நிற்கும் பெயருடன் மறைவான சிறு கோப்பு ஒன்று உண்டாகின்றது. திறந்தவருடைய பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். இது பூட்டின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் போன்றது. லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்னும் மென்பொருளும், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவான கோப்பு ஒன்றை உண்டாக்கி, திறந்தவர் பெயர், கணிப்பொறியின் பெயர், நேரம் ஆகியவற்றை அதில் பதிந்துவைக்கின்றது.

இரண்டாமவர் அக்கோப்பைத் திறக்க முற்படும்போது, ‘இக்கோப்பு இன்னாரால் திருத்தத்துக்காகப் பூட்டப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பு தோன்றும். எக்ஸெல்லில் மூன்று வழிகள் அவருக்குண்டு: படிக்க மட்டும் திறக்கலாம், பூட்டு நீங்கியதும் தமக்குத் தெரிவிக்குமாறு கேட்கலாம், அல்லது விட்டுவிடலாம்.

இந்த அறிவிப்பைப் பலர் தொல்லையாகக் கருதுகின்றனர். உண்மையில், மேலே கூறிய அரிசிக் கணக்கைக் காப்பது இதுவே. ஆயினும் இம்முறையைப் பயன்படுத்துவோர் மூன்று குறைபாடுகளை அறிந்திருத்தல் நலம்.

முதற் குறைபாடு பெயரைப் பற்றியது. பெயர்ச்சீட்டில் எழுதப்படுவது, அம்மென்பொருளில் பயனர் பெயர் என்று நிரப்பப்பட்டிருக்கும் சொல்லே. எல்லாக் கணிப்பொறிகளிலும் ‘யூஸர்’ என்றே நிரப்பி விட்டிருந்தால், ‘யூஸர் என்பவரால் பூட்டப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பே வரும். யாரிடம் சென்று கேட்பது? ஒவ்வொரு கணிப்பொறியிலும் அதனைக் கையாள்பவரின் பெயரையோ பிரிவின் பெயரையோ நிரப்புவது ஐந்து நிமிட வேலை. அதன் பயன் ஆண்டு முழுவதும் கிட்டும்.

இரண்டாவது, கைவிடப்பட்ட பூட்டு. மின்சாரம் திடீரென நின்றாலோ, கணிப்பொறி செயலிழந்தாலோ, பூட்டை முறைப்படி நீக்க மென்பொருளுக்கு வாய்ப்பில்லாமற் போகின்றது. கோப்பை எவரும் திறந்திராதபோதும் பூட்டின் அடையாளம் எஞ்சி நிற்கும். அப்போது அம்மறைவான கோப்பை நீக்குவது வழக்கம். ஆனால், அதற்குமுன் ஒவ்வொரு மேசையிலும் நேரில் கேட்டு, எங்கும் அக்கோப்பு திறந்திருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓட்டுநரிடம் டோக்கன் உள்ளதா என்று விசாரியாமல் பாதையைத் திறந்துவிடும் நிலைய அதிகாரி எவரும் இலர் அன்றோ?

மூன்றாவது, பூட்டு கோப்பின் இருப்பிடத்தைச் சார்ந்தது. கோப்பை பென் டிரைவில் நகலெடுத்தாலோ, மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ அனுப்பினாலோ, பூட்டு அதனுடன் செல்வதில்லை. நான்கு பேருக்கு அனுப்பினால் நான்கு தனிக் கோப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் தானே மூலம் என்று நிற்கும். படிக்க மட்டும் திறந்த ஒருவர், ஒரு மணி நேரம் தட்டச்சு செய்துவிட்டு, சேமிக்க இயலாமையால் வேறு பெயரில் சேமிப்பதும் இதே விளைவைத் தரும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘திருத்திய இறுதி’ என்று கோப்புகள் பெருகும் அலுவலகங்களில், பெரும்பாலும் இந்நிகழ்ச்சிதான் தொடக்கமாயிருக்கும்.

இரண்டாம் வழி: பின்னர் ஒப்புநோக்குதல்

பூட்டு முறை, மோதல் நிகழும் என்று முன்கூட்டியே ஐயுற்று, எல்லோரையும் தடுத்து நிறுத்துகின்றது. ஆனால் இருவர் ஒரே கட்டத்தைத் தொடுவது அரிதாயின், தடுப்பதைவிட எழுதவிட்டுப் பின்னர் ஒப்புநோக்குவது மேலாகாதா? தரவுத்தளங்களுக்கு இத்தகைய முறை ஒன்றைக் குங், ராபின்சன் என்னும் இருவர் 1981ஆம் ஆண்டில் முறைப்படி விளக்கினர்.

விரிதாளில் இது ‘பகிர்ந்த பணிப்புத்தகம்’ என்னும் பெயரால் எக்ஸெல் 97இல் இடம்பெற்றது. பலரும் ஒரே கோப்பைத் திறந்து எழுதலாம். ஒருவர் சேமிக்கும்போது, பிறர் இதற்குள் சேமித்த மாற்றங்கள் அவருடையவற்றுடன் சேர்க்கப்படும். இருவர் ஒரே கட்டத்தை வெவ்வேறாக மாற்றியிருந்தால், இரண்டையும் காட்டி, எதை வைத்துக்கொள்வது என்று மென்பொருள் கேட்கும். கால்க் மென்பொருளிலும் இத்தகைய வசதி உண்டு.

இம்முறையில் பிழை ஓசையின்றி நிகழாது என்பது பெரிய நன்மையே. ஆனால் தீர்ப்புக் கூறும் பொறுப்பு, பின்னால் சேமிப்பவரிடம் விழுகின்றது. மற்றவர் ஏன் அவ்வெண்ணை எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது. பெரும்பாலோர் தம் எண்ணையே வைத்துக்கொள்வர். அன்றியும், இந்நிலையில் கட்டங்களை இணைத்தல், வரைபடம் சேர்த்தல் போன்ற வேலைகள் அனுமதிக்கப்படுவதில்லை. எக்ஸெல்லின் புதிய பதிப்புகளில் இவ்வசதி பட்டியலிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டு, அடுத்துக் கூறவிருக்கும் முறையே பரிந்துரைக்கப்படுகின்றது.

மூன்றாம் வழி: உடனுக்குடன் கூட்டுத் திருத்தம்

ஒரே ஆவணத்தில் தொலைவிலுள்ள இருவர் ஒருங்கே பணிசெய்வதை, 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் செய்து காட்டினார். பொதுமக்கள் பயன்படுத்தும் விரிதாளில் அது பரவலாக வந்தது 2006ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் விரிதாளை இணையத்தில் வெளியிட்ட பின்னரே. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸெல்லும், ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் ஆகியவற்றில் வைத்த கோப்புகளுக்கு இவ்வசதியை அளிக்கின்றது.

இங்கே கோப்பு முழுவதும் போய் வருவதில்லை. ‘இன்ன கட்டத்தில் இன்ன எண்’ என்னும் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே சேவையகத்திற்குச் செல்கின்றது. சேவையகம் அவற்றை வந்த வரிசையில் அடுக்கி, எல்லோருடைய திரைக்கும் அனுப்புகின்றது. மேற்கூறிய இரு எழுத்தர்களும் இம்முறையில் பணிசெய்திருந்தால், 12 விவரங்களும் 9 விவரங்களும் ஆக 21 விவரங்களும் கோப்பில் நிலைத்திருக்கும்.

ஆயினும் வரிசைப்படுத்துதல் மட்டும் போதாது. ஒருவர் 5ஆம் வரிக்கு மேலே புதிய வரி ஒன்றைச் செருகுகின்றார் எனக் கொள்வோம். அதே நொடியில் மற்றொருவர் 7ஆம் வரியில் 42 என்று எழுதுகின்றார். செருகல் முந்தி வந்து சேர்ந்தால், முன்னர் 7ஆவதாக இருந்த பள்ளி இப்பொழுது 8ஆம் வரியில் உள்ளது. 42 என்னும் எண்ணை 7ஆம் வரியிலேயே எழுதினால், அது வேறொரு பள்ளியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே, ‘7ஆம் வரியில் 42’ என்னும் செய்தி, செருகலைக் கடந்து வரும்போது ‘8ஆம் வரியில் 42’ என்று மாற்றியமைக்கப்பட வேண்டும். இவ்வாறு ஒரு மாற்றத்தை மற்றொன்றின் விளைவுக்கேற்பத் திருத்தும் கணித முறையை எல்லிஸ், கிப்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1989ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உடனுக்குடன் கூட்டுத் திருத்தம் செய்யும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. இருவர் ஒரே கட்டத்தில் எழுதினால், பொதுவாகப் பின்வந்ததே நிற்கும். கேள்வி எதுவும் கேட்கப்படாது. ஒருவர் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால், எழுதிக்கொண்டிருக்கும் மற்றவர் திரையிலும் வரிகள் இடம் மாறும். எனவே, தமக்கு மட்டும் தோன்றும் தனி வடிகட்டிக் காட்சியைப் பயன்படுத்தல் வேண்டும். இணைப்பு இல்லாத ஊரில் செய்த மாற்றங்கள், இணைப்புக் கிடைத்த பின்னரே போய்ச் சேரும். இடையில் பிறர் செய்த திருத்தத்தை அவை மறைக்கவும் கூடும். கூட்டுத் திருத்தத்தை அறியாத பழைய எக்ஸெல் பதிப்பால் ஒருவர் கோப்பைத் திறந்துவிட்டாலோ, மற்றவர்களுக்கெல்லாம் பழைய பூட்டு அறிவிப்பே தோன்றும்.

வகுப்பறையில் காட்டத்தக்க ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனைக் கணிப்பொறியின்றியே மாணவர்களுக்கு விளக்கலாம். கரும்பலகையில் ஐந்து ஊர்களின் பெயரையும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணையும் எழுதுக. இரு மாணவர்கள் அதனைத் தம் தாளில் படியெடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் முதல் ஊரின் எண்ணையும், மற்றவர் ஐந்தாம் ஊரின் எண்ணையும் தம் தாளில் மாற்றட்டும். பின்னர் ஒவ்வொருவராக வந்து, பலகையை முழுவதும் அழித்துத் தம் தாளில் உள்ளவாறே எழுதட்டும். முதல் மாணவர் செய்த மாற்றம் மறைந்திருப்பதை வகுப்பு முழுவதும் காணும்.

இரண்டாம் முறை, சுண்ணக்கட்டி ஒன்றையே வைத்து, அது கையில் உள்ளவர் மட்டுமே படியெடுக்கவும் எழுதவும் வேண்டும் என்று விதிக்க. இது பூட்டு. மூன்றாம் முறை, மாணவர்கள் மாற்றத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதி ஆசிரியரிடம் தரட்டும். அவர் வந்த வரிசையில் பலகையில் பதியட்டும். இது கூட்டுத் திருத்தம். சீட்டு வந்துகொண்டிருக்கையில் பட்டியலின் நடுவே புதிய ஊர் ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால், வரி எண்ணை மாற்றியமைக்க வேண்டும் என்பதை மாணவர்களே கூறிவிடுவர்.

நடைமுறையில் கொள்ளத்தக்கவை

1. ஒவ்வொரு பொதுக் கோப்பும் இம்மூன்று முறைகளுள் எதில் இயங்குகின்றது என்பதை அதனைக் கையாளும் யாவரும் அறிந்திருக்க வேண்டும்.

2. மூலக் கோப்பு ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும். பிறருக்கு அனுப்பவேண்டியது அக்கோப்பின் முகவரியே, நகலை அன்று.

3. பூட்டு முறையில் உள்ள கோப்பை வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். திறந்தவாறே உணவுக்குச் செல்பவர், டோக்கனைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குச் செல்லும் ஓட்டுநருக்கு ஒப்பாவார்.

4. படிக்க மட்டும் திறந்த கோப்பில் தட்டச்சு செய்யத் தொடங்கற்க.

5. கூட்டுத் திருத்தக் கோப்பில், ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியை வகுத்து, ஏனைய பகுதிகளையும் சூத்திரங்கள் உள்ள கட்டங்களையும் பிறர் மாற்றாதவாறு பாதுகாத்துவைக்க வேண்டும். பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்க்கும் முறையையும் பழகிக்கொள்ள வேண்டும். மறைந்த எண்ணை மீட்க அதுவே வழி.

6. இயன்றவரை, பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுவதைத் தவிர்க்க. நாள், பள்ளி, வரவு, செலவு என்று ஒவ்வொரு பதிவையும் புதிய வரியாகச் சேர்த்து, இருப்பைச் சூத்திரத்தால் கணக்கிடுவது மேல். ஒருவர் மற்றொருவர் எழுதியதன்மேல் எழுதும் வாய்ப்பே இதனால் குறைகின்றது. பல ஊர்களிலிருந்து பலர் விவரம் அனுப்பும் பணிக்கு, விரிதாளை நேரே திறந்துவிடாமல், இணையப் படிவம் ஒன்றின் வழியே பெறுவது நன்று.

எந்த முறையைக் கொண்டாலும், இரண்டு எண்களுள் எது உண்மை என்பதை மென்பொருள் அறியாது. எது முன்னர் வந்தது, எது பின்னர் வந்தது என்பதை மட்டுமே அது அறியும். அரிசி 8 கிலோவா, 96 கிலோவா என்பதை அறிந்தவர் பள்ளியில் உள்ள ஆசிரியரே. அவர் தந்த எண், அதனைப் பார்த்து முடிவெடுப்பவரின் கண்ணுக்கு மாறாமல் சென்று சேர வேண்டும் என்பதற்காகவே பூட்டும் கூட்டுத் திருத்தமும் ஏற்பட்டன. அடுத்த முறை ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பைக் காணும்போது, வேறொருவர் உழைப்பு அங்கே காக்கப்பட்டு வருகின்றது என்பதை நினைவிற் கொண்டு, சற்றுக் காத்திருப்பது நம் கடமையாகும்.